மயிலா கார்ட்டர் வளைவு

மலைக்கு மாட்டு வண்டி மட்டுமே ஏறின காலத்துல, தொட்டிமலையில ஒரு காப்பித் தோட்டம் இருந்துச்சாம். அதுக்குத் துரை எட்வின் கார்ட்டர். வண்டிக்காரர் செங்கோடன் மக வேலாத்தாவை மாலை மாத்திக் கூட வச்சுக்கிட்டானாம்.

“அதென்ன பேரு, கார்ட்டர்?”னு வேலாத்தா கேப்பாளாம்.

“வண்டி ஓட்டுறவன்னு அர்த்தம். எங்க பூட்டன் யாரோ ஓட்டினான். வம்சத்துக்கே ஒட்டிக்கிச்சு.”

“அப்ப எங்கய்யனும் கார்ட்டர்தான். உனக்குத்தான் வண்டி பூட்டவே தெரியல.”

சிரிப்பானாம்.

மயிலான்னு ஒரு பொண்ணு பொறந்துச்சு. யாராவது பேரு கேட்டா அப்பன் பேரை முன்னால வச்சு, “எட்வின் மயிலா”ன்னு சொல்லணும்னு வேலாத்தா பழக்கினாளாம். நம்ம வழக்கம் அதானே.

பிள்ளைக்கு ஆறு வயசு இருக்கையில துரை மலைக்காய்ச்சல்ல செத்துப் போய்ட்டான். பிள்ளைக்கும் காய்ச்சல் கண்டுருச்சு. துரையோட அண்ணன் வந்தானாம். தமிழ் தெரிஞ்சவன். பிள்ளையை வாசல்ல நிக்க வச்சான்.

“உம் பேரை முழுசாச் சொல்லு.”

“எட்வின் மயிலா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதானுங்க.”

“எங்க வம்சப் பேரு இல்ல. எங்க பிள்ளையும் இல்ல.”

தட்டிக்கழிக்க அவனுக்கு ஒரு சாக்கு வேணும். அதைப் பிள்ளை வாயிலிருந்தே எடுத்துக்கிட்டான்.

“துரை, எங்க பக்கம் அப்பன் பேரைத்தான் சொல்லுவோம். வம்சப் பேரு கிடையாதுங்க. காய்ச்சல் இறங்குற வரைக்குமாவது இருக்க விடுங்க”ன்னு வேலாத்தா கெஞ்சினாளாம். கதவைச் சாத்திட்டான்.

கொட்டுற மழையில செங்கோடன் வண்டியில மலையிறங்கினாங்களாம். வேலாத்தாவுக்கு மனசு ஆறல. சரியாச் சொன்னாத் திரும்பச் சேர்த்துக்குவாங்கன்னு ஒரு நப்பாசை.

“கண்ணு, மயிலா கார்ட்டர்னு சொல்லு.”

“மயிலா... கார்ட்டர்.”

“இன்னொருக்காச் சொல்லு.”

“மயிலா கார்ட்டர். இப்பச் சரியாம்மா?”

“சரி கண்ணு. வண்டியைத் திருப்பச் சொல்றேன்.”

திருப்புறதுக்குள்ள, மலைப்பாதை வளைவு ஒண்ணுலயே, பிள்ளை மூச்சு நின்னுபோச்சாம்.

அங்கேயே புதைச்சாங்க. வேலாத்தா அந்த இடத்தை விட்டு எந்திரிக்கவே இல்லையாம். போற வர்ற வண்டியை எல்லாம் மறிப்பாளாம். “எம் பிள்ளை பேரைச் சொல்லிட்டுப் போ சாமி”ம்பாளாம். சொன்னாத்தான் வழி விடுவாளாம். எத்தனை பேரு சொல்லியும் சேர்த்துக்கிறேன்னு எவனும் வரல.

அவ போன பின்னாடியும் வண்டிக்காரங்க நிறுத்தல. இன்னைக்கும் அந்த வளைவுல லாரிக்காரங்க வேகத்தைக் குறைச்சு, “மயிலா கார்ட்டர்”னு வாய்விட்டுச் சொல்றாங்க. யாரு, என்னன்னு தெரியாதவங்களும் சொல்றாங்க. பேரைப் பாதியில மட்டும் நிறுத்தவே கூடாதாம்.