கரியப்பன் பேரில் ஒரு காகிதம்

— அப்படி மடிக்காதப்பா, கோடு அழிஞ்சுரும். இப்படிக் குடு.

— சுமா கண்ணு, நீ படிக்கறது இதுதானே? நேத்து கம்பெனி மெடிக்கல் கேம்ப்புல எடுத்த ஈசிஜி. என்ன சொல்லுதுன்னு பாரு.

— இதுக்கா சிப்காட்ல இருந்து பஸ் ஏறி காலேஜ் வாசல்ல வந்து நிக்கற? சாயந்திரம் நான் வூட்டுக்கு வரமாட்டனா?

— வூட்ல வேணாம். இங்கயே பாரு.

— சரி, இரு. ஆம்புலன்ஸ் படிப்புல சேந்து மூணு மாசந்தான் ஆவுது, தப்பா சொன்னா சிரிக்கக் கூடாது. பேரு கரியப்பன், வயசு அம்பத்தெட்டு. ம். ஊசியாட்டம் நிக்கற ரெண்டு கூருக்கு நடுவுல பெரிய கட்டம் எத்தனைன்னு எண்ணோணும். ஒண்ணு, ரெண்டு... எட்டு. முந்நூற எட்டால வகுத்தா முப்பத்தேழு.

— முப்பத்தேழுன்னா?

— நிமிசத்துக்கு அத்தன தடவதான் இதயம் அடிக்குது. அறுபதாச்சும் இருக்கோணும். இரு, மறுபடி எண்றேன்.

— இந்தா பாரு, எட்டேதானா?

— எட்டேதான். அப்பா, இந்தச் சின்ன மேடு இதயத்தோட மேலறை அடிக்கறது. கூரு கீழறை அடிக்கறது. மேடு வந்தா பின்னாலயே கூரு வரோணும். இதுல அது பாட்டுக்கு அது, இது பாட்டுக்கு இது. ஒரே வூட்ல பேச்சு இல்லாத அண்ணன் தம்பியாட்டம்.

— அது நல்லதில்லயா?

— போன வாரம் டெஸ்ட்ல இதத்தான் தப்பா எழுதி எல்லார் முன்னாலயும் திட்டு வாங்குனேன். இப்ப தெளிவா தெரியுது. தெரியாமயே இருந்திருக்கலாம். உனக்கு தலை சுத்துதா? கண்ணு இருட்டுதா?

— எனக்கா? இல்ல... ஆமா, எப்பவாச்சும்.

— மொதல்ல உக்காரு! பஸ்ல நின்னுக்கிட்டா வந்த? எனக்கு பயமா இருக்குப்பா. கையக் குடு.

— கை எதுக்கு கண்ணு?

— குடுன்னா குடு. பேசாத... இது என்னப்பா? நல்லா கிண்ணுன்னு அடிக்குது. பேப்பர்ல முப்பத்தேழு, கையில எழுவத்தாறு. இது உன்துல்ல.

— இந்தா பாரு, மிசினு கிசினு தப்பாயிருக்கும்...

— மிசின் தப்புன்னா கோடு கோணல்மாணலா வரும். இது சுத்தமா இருக்கு. யாருது?

— திட்டமாட்டயே?

— சொல்லு.

— எல்லாம் பெங்களூர்ல இருந்து வந்த ஆளுங்க. எங்க மூஞ்சி யாருக்குத் தெரியும்? பேரக் கூப்புட்டா போயி படுக்கறதுதான், வயசு கூட யாரும் பாக்கல. அவன் பேருக்கு நான் படுத்தேன், என் பேருக்கு அவன் படுத்தான். நான் செடிக்குத் தண்ணி ஊத்தறவன், என் பேப்பரு எப்படி இருந்தா என்ன? அவனுக்கு அப்படியில்ல. பெயிலாச்சுன்னா வேலய விட்டே எடுத்துருவாங்க. ரெண்டு தடவ மயங்கி வுழுந்துட்டான் பாவம். என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதான்.

— யாருப்பா அவன்?

— உங்கிட்ட மூச்சு வுடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டான்.

— அப்பா!

— மாப்ளதான் கண்ணு. உன் வூட்டுக்காரன் ஆனந்தராஜு.

— அவரா...? தெனம் நாப்பது பேப்பரு பாக்கறேன். பக்கத்துல படுத்திருக்கறவரு கைய ஒரு நாளு புடிச்சுப் பாக்கலயேப்பா நான்.

— அழாத சாமி. பெரிய ஆஸ்பத்திரிக்கு உடனே போன்னு கேம்ப்புலயே சொன்னாங்க. அவன் கேக்கல. ராத்திரி பூரா எனக்குத் தூக்கமில்ல, அதுக்கோசரந்தான் உங்கிட்ட ஓடியாந்தேன்.

— இப்ப எங்க அவரு?

— ஷிப்ட்டுல. கிரேன் ஓட்டிக்கிட்டு நாப்பது அடி மேல உக்காந்திருக்கறான். இரு, போனப் போட்டு இப்பவே எறங்கி வாடான்னு சொல்றேன்.

— வேண்டாம்பா! ஏணியில கால வெக்கக் கூடாது. கிரேன நிறுத்திட்டு அங்கயே உக்காரச் சொல்லு, நான் நூத்தியெட்டக் கூப்புடறேன். மேல ஏறி அவர எறக்கறது எங்க வேல.