சொந்த வீட்டுக்கு பெல்

காந்திபுரத்தில் டிரைவர் டீக்குப் போனவர் வரவே இல்லை. டவுன் பஸ் நின்றுகொண்டே இருந்தது. முன் சீட்டு அம்மா பக்கத்து அம்மாவிடம் சொன்னார்:

"என்ற சொந்த ஊட்டுக்கு நானே பெல் அடிச்சுத்தானுங்க போகோணும்."

"ஏனுங்க அப்படி?"

"எங்கூட்டுக்காரரு வேலைபாத்த மில்லை மூடுனப்ப, ஊட்டை பேங்குல அடமானம் வெச்சு, பின்னால வாடகைக்கு உட வரிசையா மூணு சின்ன லைன் ஊடு கட்டுனோமுங்க. பெரிய ஊட்டையும் ஒரு டீச்சரம்மாவுக்கு வாடகைக்கு உட்டுப்போட்டு, நாங்க லைன் ஊட்டுல ஒண்ணுக்குப் போயிட்டோம். வாடகையிலயே கடன் அடைஞ்சு, இன்னிக்குப் பத்திரம் கைக்கு வந்துருச்சு."

மடியிலிருந்த பையை இறுக்கிக்கொண்டார்.

"இனி டீச்சரைக் காலி பண்ணச் சொல்லிருவீங்களா?"

"எப்படீங்க மனசு வரும்? கேக்காமயே மாசாமாசம் வாடகை கொண்டாந்து குடுத்த மகராசி."

"சொந்த ஊட்டுல இருக்க ஆசையில்லீங்களா?"

"தெனமும் போறனுங்களே, டிவி பாக்க! எனக்குன்னே ஒரு சேர் போட்டு வெச்சிருக்காங்க."