கேட்டுச் சொல்றேன்

அக்கா: எடுக்க மாட்டேன்.

தம்பி: ஒரே ஒரு கம்பெனி அக்கா... பதினேழாம் நம்பர். உன் ஆராய்ச்சிக் கட்டுரையிலேர்ந்து அதை மட்டும் தூக்கிடு.

அக்கா: பேரா போட்டிருக்கேன்? நம்பர்தானே?

தம்பி: அட்டைப்பெட்டி செய்யற குடும்பக் கம்பெனி, முதலாளி மாடி வீட்டுல, மகன் கீழ ஆபீஸ்ல... இதுக்கு என் போட்டோவையே ஒட்டியிருக்கலாம். நாளைக்கு முதலாளிங்க கூட்டத்துல நீ வாசிச்சா அப்பா மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவார்?

அக்கா: உன் மூஞ்சின்னு சொல்லு.

தம்பி: மெஷின் பழசுன்னு எழுதிட்டுப் போயேன்!

அக்கா: பக்கத்துக் கம்பெனியிலயும் அதே மெஷின்தான். ஆளுங்களும் அவ்வளவுதான். அவங்க ரெட்டிப்பாப் பெட்டி போடறாங்க. ஏன்னு பாக்கத்தானே என் ஆராய்ச்சியே!

தம்பி: பெருசா என்னத்தக் கண்டுபிடிச்சிட்ட?

அக்கா: ரெண்டே வார்த்தை...

தம்பி: இரு, போன்... சொல்லுங்க சூப்பர்வைசர்... பெல்ட் அறுந்துடுச்சா? புதுசு ஸ்டோர்ல இருக்குல்ல?... சரி, இருங்க. அப்பாகிட்ட கேட்டுச் சொல்றேன்.

அக்கா: ஹா ஹா!

தம்பி: எதுக்குச் சிரிக்கற?

அக்கா: அந்த ரெண்டு வார்த்தைதான்டா. மெக்கானிக் சூப்பர்வைசரக் கேட்டுச் சொல்வார். அவர் உன்னை. நீ அப்பாவ. அதுவரைக்கும் மெஷின் வாயப் பொளந்துக்கிட்டு நிக்கும்.

தம்பி: நான் என்ன பண்ணட்டும்? அவரைக் கேக்காம ஒரு ஆணி அடிக்க முடியுமா?

அக்கா: அப்போ வா. மாடியிலதானே இருக்கார், கேட்டுடுவோம்.

தம்பி: இப்ப வேணாம்... தூங்கிட்டிருப்பார்.

அக்கா: டிவி அலறுது, தூங்கறாராம்!

தம்பி: அக்கா, நோண்டாத.

அக்கா: மாடிக்குப் போவ, அவரோட டீ குடிப்ப, மேட்ச் பாப்ப, இறங்கி வந்துடுவ. பெல்ட்டப் பத்தி வாயே திறக்க மாட்ட.

தம்பி: யா... யாரு சொன்னா?

அக்கா: அப்பாதான். "என் பேரைச் சொல்லி ஒளிஞ்சுக்கறான், நம்ம கம்பெனியையும் உன் ஆராய்ச்சியில சேத்துக்கோ"ன்னு என்னைக் கூப்பிட்டதே அவர்தான்.

தம்பி: ...தப்பாப் போனா என் தலையில விழுமேன்னு பயம்க்கா.

அக்கா: விழட்டுமே. பின்ன தலை எதுக்கு, தொப்பி மாட்டவா?

தம்பி: நாளைக்கு வாசிக்கத்தான் போறியா?

அக்கா: ஒரு வரி விடாம. நீ வர்றியா?

தம்பி: இரு, மறுபடியும் போன்... சூப்பர்வைசர், பெல்ட்ட மாத்துங்க. ஆமா, இப்பவே... என்ன, ஐயா ஒத்துக்கிட்டாரா?... ஐயாவ நான் என்னிக்குமே கேட்டதில்லங்க. நான் சொல்றேன். மாத்துங்க.