எந்தக் கிளையில் சேர்ப்பது?

பிரெஞ்சுக் கொடி இறங்கியும், ஊரை இந்தியாவோடு சேர்க்கும் ஒப்பந்தம் முடியாதிருந்த காலம். வில்லியனூர் பஸ்ஸில் எனக்கு முன்னால் ஒரு விவசாயியும் அவர் மைத்துனரும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நம்ம வயலு இன்னும் பிரான்சுலதான் இருக்குதாம், மச்சான்.”

“யாரு சொன்னது, மாமா?”

“டில்லியிலேர்ந்து வந்த விவசாயிங்க சங்கத்துக்காரரு. எல்லைக்கு அந்தாண்ட மெட்ராஸ் சர்க்காரு மதகைப் பூட்டிட்டான், பயிரு காயுது, எங்களுக்காகப் பேசுங்கன்னேன். ஒப்பந்தம் முடியாம உங்கள எந்தக் கிளையில சேக்கறதுன்னு கேக்கறாரு.”

“பிரெஞ்சுக்காரன்கிட்ட கேட்டியா?”

“கேட்டேன். நாங்கதான் கொடிய இறக்கிட்டமேங்கறான்.”

“இப்ப என்ன செய்யப்போற?”

“காலையில போயி மதகுப் பூட்டை ஒடைக்கப்போறேன். எந்த ஊரு போலீஸ் புடிக்குதோ, அதான் நம்ம நாடு.”

மைத்துனர் அவர் பக்கம் நெருங்கி உட்கார்ந்தார்.

“கடப்பாரை எங்க வூட்ல இருக்குது. நானும் வரேன்.”