பற்பசை பூசிய கால்கள்

அவசரப் பிரிவில் போட்டிருக்கும் இரும்பு நாற்காலியில் ஏழு மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள், இன்ஸ்பெக்டர், யாருக்கும் இடுப்பு விட்டுப்போகும். காலை பத்து மணிக்குப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போனேன். வார்டில் சேர்க்கும்போது மணி ஐந்து. ஏன் இவ்வளவு நேரமானது என்று என்னிடம் கேட்கிறீர்கள். ஆஸ்பத்திரிக்காரர்களையல்லவா கேட்க வேண்டும்?

கூலிம் டவுனில் என் வீட்டில் ஒன்பது பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறேன். எல்லாம் ஃபேக்டரிக்காரிகளின் பிள்ளைகள். பெற்றுப்போடத் தெரிகிறது, வளர்க்கத் தெரியவில்லை. தேவகியும் அந்த ரகம்தான். அவள் மகள் ரூபினிக்கு நாலு வயது முடிந்துவிட்டது. இன்னும் பாயை நனைக்கிறாள். கேட்டால், "சின்னப் புள்ளதானே லா அக்கா" என்பாள்.

அவசரப் பிரிவில் அன்பரசி என்று ஒரு தாதி. நேற்றுத்தான் நர்ஸ் படிப்பை முடித்தவள். வந்ததும் முகத்தைச் சுளித்தாள்.

"என்னக்கா இது, முட்டி வரைக்கும் பேஸ்ட்ட பூசி வெச்சிருக்கீங்க? காயம் எங்க முடியுதுன்னே தெரியல லா."

எஸ்டேட்டில் யாருக்குச் சுட்டாலும் இதைத்தான் பூசுவோம் என்றேன். வலிக்கு ஊசி போட்டு, அது வேலை செய்யும்வரை காத்திருந்து, கழுவி எடுக்கவே இரண்டு மணி நேரம். பிள்ளை கத்திய கத்தலில் எனக்குத் தலைவலி வந்துவிட்டது.

பிறகு அம்மாவின் கையெழுத்து வேண்டுமாம். தேவகி கைப்பேசியை லாக்கரில் பூட்டிவிட்டுத்தான் வேலைக்குள் போக முடியும். அழைத்தேன், எடுக்கவில்லை என்றேன். அவளுடைய சூப்பர்வைசரின் எண் என் வீட்டுச் சுவரில் ஒட்டியிருக்கிறது. அதை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. சாப்பாட்டு நேரத்தில் கைப்பேசியைப் பார்த்துவிட்டு இரண்டு மணிக்கு ஓடி வந்தவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க இல்லன்னா எம்புள்ள என்னாயிருக்கும்கா" என்று அழுதாள். அவ்வளவுதான் அவள் மூளை.

முதல் டாக்டரிடம், சுடுதண்ணீர்க் கெண்டியைத் தட்டிவிட்டாள் என்றேன். அடுத்தவரிடம், சுடுதண்ணீர் வாளிக்குள் தானே இறங்கிவிட்டாள் என்றேன். ஆளாளுக்கு வந்து அதையே கேட்டால் கதை மாறத்தான் செய்யும். பற்பசை போனதும் இரண்டு கணுக்காலுக்கும் மேலே ஒரே அளவில் கோடு தெரிந்தது, காலுறை போட்ட மாதிரி. தானாக இறங்கிய பிள்ளை துள்ளியிருக்கும், தண்ணீர் தெறித்திருக்கும் என்றார் டாக்டர். உடனே சமூகநல அதிகாரிக்கு ஆள் அனுப்பினார்கள். அந்த அம்மாள் வந்து சேர்வதற்குள் இன்னும் இரண்டு மணி நேரம். தொடையிலிருந்து தோல் எடுத்து வைக்க வேண்டுமாம், இரண்டு மாதமாவது நடக்க மாட்டாளாம். படித்தவர்கள் எதையும் பெரிதாகத்தான் சொல்வார்கள்.

முட்டி வரைக்கும் ஏன் பூசினேன் என்று இந்நேரம் உங்களுக்கே புரிந்திருக்கும்.

அன்று காலையும் பாயை நனைத்திருந்தாள். நான்தான் அக்குளைப் பிடித்துத் தூக்கி வாளிக்குள் நிறுத்தினேன். ஆத்திரத்தில் செய்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அடிக்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை. பத்து வரை நிதானமாக எண்ணினேன், அவளையும் கூடவே எண்ணச் சொன்னேன். மூன்றுக்கு மேல் அவளுக்கு வரவில்லை. தேவகி அதைக்கூடச் சொல்லிக்கொடுத்து அனுப்பவில்லை.