ஸ்பெயினில் தொலைந்த ஷூ

நகரியிலிருந்து திருப்பதி போகும் பஸ் புத்தூரைத் தாண்டியிருந்தது. எனக்கு முன் சீட்டில் இரண்டு பெண்கள். ஜன்னலோரம் இருந்தவர் திடீரென்று சொன்னார்:

"எம் பொண்ணு ஷூவத் தொலச்சிட்டாக்கா. எங்க வூட்ல எல்லாருக்கும் ஒரே பெரும."

"இன்னாடி சொல்ற? ஷூ தொலஞ்சா பெருமையா?"

"ஸ்பானிஷ் படிக்க ஸ்பெயின் போயிருக்கா இல்ல, அங்க ஒரு குடும்பத்தோடதான் தங்கிக்கினு கீறா. அந்த வூட்டம்மா ஞாயித்துக்கெழம ஒரு பெரிய சர்ச்ச சுத்திக் காட்ட கூட்டிக்கினு போயிருக்காங்க. அவங்க முன்னாடி போவ, இவ நம்மூர் பழக்கத்துல ஷூவ வாசல்லயே கயட்டி வுட்டுட்டு உள்ள போயிட்டா. திரும்பி வந்து பாத்தா காணம்."

"அய்யய்யோ!"

"எங்க ஊர்ல இப்பிடி ஆயிடுச்சேன்னு அந்தம்மாவுக்கு அழுகையே வந்துடுச்சாம். இவ சிரிச்சிக்கினே, 'கோயில்ல செருப்பு போனா புடிச்ச பீடையும் போச்சுன்னு எங்க ஊர்ல சந்தோசப்படுவாங்க'ன்னு சொல்லியிருக்கா. அத்தினியும் ஸ்பானிஷ்லயேக்கா! போன மாசம் தண்ணி கேக்கவே கையக் காட்டிக்கினு இருந்தவ. அவ நைனா தறிய நிறுத்திட்டு, போன்ல அத அப்பிடியே ஸ்பானிஷ்ல சொல்லச் சொல்லி ரெண்டு வாட்டி கேட்டாரு."

"அந்தம்மாவுக்குப் புரிஞ்சிச்சாமா?"

"புரியாமயா? மறுநாளே அவங்க பழைய ஷூவக் கொண்டுபோயி அதே வாசல்ல வுட்டுட்டு வந்துட்டாங்களாம். நாலு நாளாச்சி, இன்னும் யாரும் எடுக்கலையேன்னு எம் பொண்ணுகிட்ட ஒரே பொலம்பலாம்."