மாமனாருக்குத் தெரியாத பலாக்கன்று

"பலாக்கன்னு வாங்குனதப் பத்தி எங்கப்பாகிட்ட மூச்சு வுடாதீங்க" என்றார் அந்தப் பெண். நெய்வேலியிலிருந்து முத்தாண்டிக்குப்பம் போகும் பேருந்தில், எனக்கு முன் இருக்கையில், கணவருடன் பிறந்த வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தார்.

"ஏன், திருடியா கொண்டாந்தேன்? ஆன்லைன்லதான வாங்குனேன்."

"தோப்பு நெறைய பலா வச்சிருக்கறவரு பொண்ணு வூட்டுக்கு, கேரளாவுலேருந்து பார்சல்ல பலாக்கன்னு வந்துதுன்னா அவரு மானம் என்னாவறது? கேட்டிருந்தா அவரே குடுத்திருப்பாரு."

"அவரு குடுக்குற கன்னு காய்க்கறதுக்குள்ள நான் ரிட்டையர் ஆயி குவார்ட்டர்ஸையே காலி பண்ணிடுவேன். இது ரெண்டு வருஷத்துல டிரம்முலயே காய்க்குமாம். போறப்ப தூக்கிக்கினு போயிடலாம்."

"சரி, அவரு வர்றப்ப காய் தொங்குச்சுன்னா?"

கணவர் சற்று யோசித்தார். "உங்க தோப்புப் பழத்தத் தின்னுட்டுப் போட்ட கொட்டை மாமா, தானா மொளச்சுதுன்னு சொல்லிடறேன்."

"கொட்டை போட்டு ரெண்டே வருஷத்துல காய்க்குமா? அவரு எப்படி நம்புவாரு?"

"அவரு தோப்புக் கொட்டைன்னா நம்புவாரு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நம்புவாருங்க. அடுத்த வாரமே ஊரக் கூட்டி அந்தக் கொட்டைய விக்க ஆரம்பிச்சுடுவாரு."